ஊர்த் திடலில் கபடிப் போட்டி நடத்துவது எப்படி

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் மின்னொளி கபடிப் போட்டி நடக்கிறது. ஒன்பது வருடமாக அதை நடத்தும் குழுவில் இருக்கிறேன். பக்கத்து ஊர்களிலிருந்து "நாங்களும் வைக்கலாம்னு இருக்கோம், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஃபோனில் அரை மணி நேரம் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

பரிசு, பந்தல், லைட் எல்லாம் அப்புறம். எதற்காக வைக்கிறோம் என்பதை முதலில் உங்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள். கபடி தமிழ்நாட்டின் மாநில விளையாட்டு, பங்களாதேஷுக்கு அதுதான் தேசிய விளையாட்டு. 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குள் நுழைந்ததிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான் வந்தது. 2018இல் ஜகார்த்தாவில் ஈரானிடம் அரையிறுதியில் தோற்றபோது, அதுவரை கபடியைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த அணிகளுக்கெல்லாம் ஆட்கள் எங்கிருந்து போனார்கள் என்று பாருங்கள். 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசன் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கிராமத்துக்காரர், ஊரின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. 2016 உலகக் கோப்பையை வென்ற அணியில் இருந்த சேரலாதன் நம் தஞ்சாவூர் மாவட்டம். இவர்களைப் போன்றவர்கள் முதன்முதலில் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனது இப்படி ஏதோ ஒரு ஊர்த் திடலில்தான். ஆக நீங்கள் வைக்கப்போவதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கபடியில் தொடாமல் ஆட முடியாது. பாடிப் போகிற ரைடர் ஒருவரைத் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பினால் புள்ளி, ரைடரையே மடக்கிப் பிடித்தால் எதிரணிக்குப் புள்ளி. பிடிக்கிற ஏழு பேரில் கடைசி ஓரமான கார்னரில் நிற்பவரும் பக்கத்தில் 'இன்'னில் நிற்பவரும் பெரும்பாலும் கையைக் கோத்துக்கொண்டேதான் நகர்வார்கள், கை விட்டுப்போனால் அந்தப் பக்கம் ஓட்டை. இன்னார் தொட்டால் தீட்டு என்று எத்தனையோ தலைமுறை சொல்லிக்கொண்டிருந்த மண்ணில் இப்படி ஒரு ஆட்டம் ஊருக்கு நடுவில் நடக்கிறது என்பது சாதாரண விஷயமே இல்லை. அதே ஆட்டத்தைத் தெருவுக்கு ஒரு அணி, சாதிக்கு ஒரு பனியன் என்று நடத்தி அடிதடியில் முடிக்கிற ஊர்களும் இருக்கின்றன. இரண்டில் எது நடக்கும் என்பது விளையாடுகிறவன் கையில் கொஞ்சம், நடத்துகிறவன் கையில் நிறைய. இந்தக் குறிப்பில் நான் சொல்லும் எல்லா வேலையும் அதைச் சுற்றித்தான் வரும்.

குழுவும் வசூலும்

குழுவில் எல்லாத் தெருவிலிருந்தும் ஆள் இருக்க வேண்டும். காலனியிலிருந்து ஒருவரைப் பெயருக்குச் சேர்த்துவிட்டுப் பந்தக்கால் நடுகிற வேலை மட்டும் கொடுப்பது கூடாது. பணப்பை யாரிடம் இருக்கிறது, மைக் யாரிடம் இருக்கிறது, ஸ்கோர் மேஜையில் யார் உட்காருகிறார்கள் என்ற மூன்றையும்தான் ஊர் பார்க்கும். அந்த மூன்று இடத்திலும் கலந்து உட்காருங்கள்.

வசூலுக்கு நாங்கள் வைத்திருக்கும் வழி வீட்டுக்கு நூறு ரூபாய். முடியாதவர்கள் இருபது கொடுத்தாலும் ரசீது உண்டு, பெயர் உண்டு. மொத்தச் செலவையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் வருவார், கேட்கச் சுகமாக இருக்கும், ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாளிலிருந்து அது அவருடைய போட்டி. யார் படம் ஃப்ளெக்ஸில் பெரிதாக வர வேண்டும், எந்த அணியைக் கூப்பிடக் கூடாது என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்வார். நூறு ரூபாய் கொடுத்த பாட்டி ராத்திரி பதினோரு மணிக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து "எங்கேடா எனக்கு நாற்காலி" என்று கேட்டால் உங்கள் வசூல் சரியாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அனுமதி

காவல் நிலையத்தில் மனு கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள், ஒலிபெருக்கிக்கும் சேர்த்து. கடைசி வாரத்தில் போய் நிற்காமல் ஒரு மாதம் முன்னாலேயே கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வையுங்கள். அனுமதி கிடைக்காமல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன கபடிக் குழுக்கள் உண்டு. அங்கே அனுமதி கிடைக்கும்போது கூடவே நிபந்தனைகளும் வரும். சாதித் தலைவர், கட்சித் தலைவர் படம் போட்ட உடை கூடாது, அப்படி ஃப்ளெக்ஸும் கூடாது, குடித்துவிட்டு யாரும் ஆடக் கூடாது, முதலுதவி ஏற்பாடு இருக்க வேண்டும் என்கிற மாதிரி. நீங்கள் நீதிமன்றம் வரை போக வேண்டியதே இல்லை, இதே நிபந்தனைகளை உங்கள் நோட்டீஸிலேயே முதல் வரியாக அச்சடித்துவிடுங்கள். மனுவோடு அந்த நோட்டீஸையும் இணைத்துக் கொடுத்ததில் எங்களுக்குப் பேச்சு பாதியாகக் குறைந்தது.

களம்

இதில்தான் நான் அதிக நேரம் எடுப்பேன். களம் சரியில்லை என்றால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை.

ஆண்களுக்குக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்களுக்கு 12க்கு 8. அகலத்தில் இரண்டு ஓரமும் ஒவ்வொரு மீட்டர் லாபி, அதாவது ரைடர் யாரையாவது தொட்ட பிறகு மட்டும் களத்தோடு சேரும் பட்டை. நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில், ரைடர் தாண்டியே ஆக வேண்டிய பாக் லைன், அதிலிருந்து கடைசிக் கோட்டுப் பக்கம் இன்னொரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. பெண்கள் களத்தில் பாக் லைன் 3 மீட்டரில் வரும்.

கோடு போட ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். நாங்கள் முதல் வருடம் டேப்பைப் பிடித்து நாங்களே போட்டோம். விடிந்து பார்த்தால் களம் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது, ஒரு அணிக்கு லாபி அகலம், இன்னொரு அணிக்குக் குறுகல். கொத்தனார் வந்தால் மூலைக்கு மூலை நூல் பிடித்துக் குறுக்களவு பார்ப்பார். 13க்கு 10 களத்தில் குறுக்கு 16.4 மீட்டர் வர வேண்டும், இரண்டு குறுக்கும் ஒன்றாக இருந்தால்தான் நான்கு மூலையும் நேர். எங்கள் ஊர்க் கொத்தனார் நான்கு மூலையிலும் முளை அடித்து, நூலைச் சுண்டி, அது மண்ணில் விட்ட தடத்தின் மேலேயே குனிந்தபடி பின்னாலேயே நடந்து மாவு போட்டுக்கொண்டு வருவார். கை நடுங்காது. எழுபது வயது அவருக்கு. அவர் கோடு போட்டு முடிக்கும் வரை சின்னப் பிள்ளைகள் ஒருவரும் உள்ளே கால் வைக்காமல் ஓரத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்ப்பதை நீங்கள் ஒரு முறை பார்க்க வேண்டும், போட்டி அங்கேயே தொடங்கிவிடுகிறது என்று தோன்றும்.

சுண்ணாம்புத் தூளில் கோடு போடாதீர்கள். ஆட்டம் என்றால் முகம் மண்ணில் உரசும், நீறாத சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். கோலமாவு போதும், அழிந்தால் இடைவேளையில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். கயிறு கட்டிக் கோடு காட்டுகிற பழக்கமும் சில ஊரில் இருக்கிறது, கால் விரல் மாட்டிக்கொண்டு நகம் பெயரும், வேண்டாம். பெண்கள் களத்துக்கு அதே இடத்தில் வேறு நிற மாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

மண் விஷயம். ஒரு அடி ஆழத்துக்குக் கொத்திவிட்டு, கல், பாட்டில் ஓடு, முள் எல்லாவற்றையும் பொறுக்க வேண்டும். கண்ணால் பார்த்து முடியாது, சலிக்க வேண்டும். சலித்த மண்ணோடு மட்கிய சாணத்தூளும் மரத்தூளும் கலந்து பரப்பி, முந்தின நாள் சாயங்காலம் தண்ணீர் தெளித்து, ஊர்ப் பையன்களை விட்டே மிதிக்க வையுங்கள். வெறுங்காலில் ஓடிப் பார்த்தால் குதிகால் லேசாகப் பதிய வேண்டும், புதையக் கூடாது. அறுவடை முடிந்த வயலில் வைக்கலாம் என்று சொல்வார்கள். நெல் அறுத்த அடித்தாள் முழங்காலைக் கிழித்துவிடும், ஈரம் வேறு அடியில் இருக்கும். திடல் கிடைக்காவிட்டால் மட்டும் அதைப் பாருங்கள்.

மண்ணுக்குப் பதிலாக விரிக்கிற மேட் (விரிப்பு) வாடகைக்குக் கிடைக்கிறது, ப்ரோ கபடி பார்க்கிற பிள்ளைகள் மேட் மேட் என்று நச்சரிப்பார்கள். ஆசை நியாயமானதுதான். மேலே போகப் போக எல்லாப் பெரிய போட்டியும் மேட்டில்தான் நடக்கிறது, மண்ணில் மட்டும் ஆடிய பையனுக்கு அங்கே போனால் கால் நிற்காது. ஆனால் தை மாதத்து ராத்திரிப் பனியில் திறந்தவெளி மேட் வழுக்கும், பத்து மணிக்கு மேல் துடைக்கத் துடைக்க ஈரம். முழங்கால் திரும்பிப் போன பையனைத் தூக்கிக்கொண்டு ஓடிய அனுபவத்தில் சொல்கிறேன், மேட் என்றால் பகலில் நடத்துங்கள், ராத்திரி என்றால் மண்ணிலேயே வையுங்கள்.

அணிகள், அட்டவணை, நேரம்

தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட்டில் எத்தனை அணியோ அதில் ஒன்று குறைத்தால் அத்தனை ஆட்டம். 24 அணி வந்தால் 23 ஆட்டம். முறைப்படி ஆண்களுக்கு 20 நிமிடம், 5 நிமிட இடைவேளை, மறுபடி 20. இப்படி 23 ஆட்டம் வைத்தால் முடிவதற்குள் அடுத்த நாள் விடிந்துவிடும். அதனால் முதல் சுற்றுகளை 10-3-10 என்று வையுங்கள், அணி இறங்கி ஏறும் நேரத்தோடு ஆட்டத்துக்கு அரை மணி. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தால் ராத்திரிக்குள் அரையிறுதிக்கு வந்துவிடலாம். அரையிறுதியும் இறுதியும் முழு நேரம் ஆடட்டும், ஊர் உட்கார்ந்திருப்பதே அதற்குத்தானே.

24 அணி என்றால் அட்டவணை 32க்குப் போட வேண்டும், 8 அணிக்கு பை, அதாவது முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போவது. இந்த எட்டைக் குலுக்கலில்தான் எடுக்க வேண்டும், அதுவும் எல்லாக் கேப்டன்களும் நிற்கும்போது, ஒரு சின்னப் பிள்ளையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லி. உள்ளூர் அணிக்கு பை வேண்டாம் என்று நாங்களே முடிவு செய்து குலுக்கலில் சேர்ப்பதில்லை. நடத்துகிறவன் வீட்டுப் பிள்ளை முதல் சுற்றிலேயே வியர்வை சிந்தினால் மற்ற ஊர்க்காரர்களுக்கும் நம்பிக்கை வரும்.

வெளி ஆள் பிரச்சினை வரும். பரிசுத்தொகை பெரிதானால் காசு கொடுத்து ஆள் இறக்குவார்கள், ஊர்ப் பெயரில் ஆடுகிற ஏழு பேரில் ஒருவன்கூட அந்த ஊர்க்காரனாக இருக்க மாட்டான். முதல் பரிசை உயர்த்திக்கொண்டே போகிற போட்டியில் நீங்கள் இறங்காதீர்கள். நாங்கள் முதல் பரிசைக் குறைத்து, அந்தக் காசில் தூரத்திலிருந்து வரும் அணிகளுக்கு வண்டிச் செலவும், எல்லா அணிக்கும் சாப்பாடும் கொடுக்கிறோம். ஒரு அணியில் வெளியூர் ஆள் இரண்டு பேர் வரை, மற்றவர்களுக்கு ஆதார் நகல். அவ்வளவுதான் விதி. இந்த விதியைக் கொண்டுவந்த வருடத்திலிருந்து வருகிற அணிகள் குறையவில்லை, கூடித்தான் இருக்கின்றன.

எடை பார்க்கிற தராசு ஒன்றைக் கண்டிப்பாக வையுங்கள். 55 கிலோ, 65 கிலோ என்று பிரித்து ஒரு நாள் நடத்தினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும். எண்பது கிலோ ஆளோடு ஐம்பது கிலோப் பையனை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது தப்பு.

விதியை முன்கூட்டியே சொல்வது

எங்கள் இரண்டாவது வருடப் போட்டி ராத்திரி இரண்டு மணிக்கு அரையிறுதியில் நின்றுபோனது. எதிரே ஐந்து பேர் நிற்கும்போது ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டினார், புள்ளி கேட்டார். ஆறு பேராவது நின்றால்தான் போனஸ் என்பது விதி. அவர்கள் ஊரில் அப்படி ஆடுவதில்லையாம். நடுவர் எடுத்துச் சொல்வதற்குள் இரு பக்கமும் கூட்டம் களத்துக்குள் வந்துவிட்டது. கோப்பையை அந்த வருடம் யாருக்கும் கொடுக்கவில்லை, குழுவில் ஒருவர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியின் ஆண்கள் இறுதி ஆட்டம், இந்தியாவும் ஈரானும், 28-28 என்று சமமாக நிற்கிறது. இந்தியாவின் பவன் ஷெராவத் பாடிப் போனவர் யாரையும் தொடாமல் லாபிக்குள் கால் வைத்துவிட்டார், ஈரான் ஆட்கள் அவர் பின்னாலேயே லாபிக்குள் வந்துவிட்டார்கள். இதற்குப் புள்ளி எப்படிக் கொடுப்பது என்பதில் பழைய விதி ஒன்று சொல்கிறது, புதிய விதி வேறு சொல்கிறது. எது செல்லும் என்று முடிவு செய்ய முடியாமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது, வீரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் 33-29 என்று இந்தியா வென்றது. இரண்டு நாட்டு அணிகள், உலகமே பார்க்கிற களம், அங்கேயே இந்த நிலைமை என்றால் நம் திடலில் என்ன ஆகும் யோசியுங்கள்.

அதனால் ஒரு பக்கத்தில் விதிகளை அச்சடித்து, ஒவ்வொரு கேப்டனிடமும் கையெழுத்து வாங்குங்கள். ரைடு 30 விநாடி. எதிரே ஆறு அல்லது ஏழு பேர் இருந்தால் மட்டும் போனஸ், பின்னங்கால் தரையில் படக் கூடாது. எதிரணி முழுவதையும் வெளியேற்றும் லோனாவுக்குக் கூடுதலாக 2 புள்ளி. மூன்று பேரோ அதற்கும் குறைவோ நின்று ரைடரைப் பிடித்தால் கூடுதல் புள்ளி தரும் சூப்பர் கேட்ச் உண்டா இல்லையா, இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டிய டூ ஆர் டை உண்டா இல்லையா, தொடுதல் இல்லாமல் லாபிக்குள் போனால் என்ன, சமமாக முடிந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைக்கிலும் ஒரு முறை படியுங்கள். பார்க்க வந்தவர்களுக்கும் விதி தெரிந்திருந்தால் கூச்சல் பாதி அடங்கும்.

நடுவர்களை மாவட்டக் கபடிக் கழகத்தின் மூலம் கேட்டு வாங்குங்கள். களத்துக்கு ஒரு ரெஃப்ரி, இரண்டு அம்பயர், ஒரு ஸ்கோரர், கோட்டைப் பார்க்கிற உதவி ஸ்கோரர் இரண்டு பேர். படியும் சாப்பாடும் முன்னாலேயே பேசிக் கொடுத்துவிடுங்கள். உள்ளூர்க்காரர் நடுவராக நிற்கவே கூடாது, எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும். மறுநாள் அவர் அந்தத் தெருவில் நடந்து போக வேண்டும் இல்லையா.

ஒரே அணி

எங்கள் ஊரில் முன்பு இரண்டு அணி. ஊர்த்தெரு அணி ஒன்று, காலனி அணி ஒன்று. இரண்டும் மோதாத மாதிரி அட்டவணை போடுவார்கள், மோதினால் வம்பு என்று. நான்காவது வருடம்தான் ஒரே அணியாக இறக்கினோம். பேசிப் பேசித்தான் நடந்தது, ஒரு நாளில் இல்லை. எங்கள் பெரியப்பாவே "இதெல்லாம் சரிப்பட்டு வராதுடா தம்பி" என்று சொன்னவர். மூன்று மாதம் சாயங்காலம் சாயங்காலம் சேர்ந்து பயிற்சி. யார் கார்னர், யார் கவர் என்பதை ஊர்ப் பெரியவர்கள் சொல்லவில்லை, பள்ளிக்கூட பி.இ.டி. வாத்தியார் பிடியைப் பார்த்துச் சொன்னார். லெஃப்ட் கார்னர் காலனிப் பையன், அவனுக்குப் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு நின்றது எங்கள் பெரியப்பாவின் பேரன். கால் இறுதியில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரைடரைக் கணுக்காலில் மடக்கினபோது பெரியப்பா எழுந்து நின்று கத்தியது எந்தப் பெயரை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பேரன் பெயரை இல்லை.

இது ஒரு ராத்திரியில் ஊரை மாற்றிவிட்டது என்று சொல்ல வரவில்லை. டீக்கடை, கோயில், சுடுகாட்டுப் பாதை என்று பேச வேண்டியது இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. ஆனால் அதைப் பேச உட்காரும்போது ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர்களாக உட்காருகிறோம். நீங்கள் போட்டி வைக்கிறீர்கள் என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர்ப் பானை ஒன்று, டம்ளர் ஒன்று, சாப்பாட்டுப் பந்தி ஒன்று. இதில் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

மைக் பிடிப்பவரை ரொம்பக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். வர்ணனை செய்கிறவர் வாயில்தான் கூட்டத்தின் சூடு இருக்கிறது. 'ஆண்ட பரம்பரை' மாதிரிப் பேச்சு, சாதிப் பாட்டு, தோற்ற அணியைக் கிண்டல், மூன்றும் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல வர்ணனையாளர் ஒவ்வொரு ஆட்டக்காரரையும் பெயரும் ஊரும் சொல்லி அறிமுகப்படுத்துவார், நல்ல பிடி என்றால் எந்த அணியாக இருந்தாலும் பாராட்டுவார். பெரிய மனிதர்கள் வந்தால் பொன்னாடையும் பேச்சும் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம், அதோடு சரி. ஆட்டத்துக்கு நடுவில் நிறுத்திப் பேசவிட்டால் ஆடிச் சூடான உடம்பு குளிர்ந்து, தசை பிடித்துக்கொள்ளும். இதை அவர்களிடமே மரியாதையாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

பெண்கள் ஆட்டம்

பெண்கள் போட்டி வைக்கிறோம் என்று சொல்லி வெயில் கொளுத்தும் மதியம் இரண்டு மணிக்கு, ஆளே இல்லாத நேரத்தில் நடத்தி முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஆண்கள் அரையிறுதிக்கு முன்னால், ஊர் முழுக்கக் கூடியிருக்கும் ராத்திரி எட்டு மணிக்கு வையுங்கள். முறைப்படி அவர்களுக்கு 15-5-15. உடை மாற்றப் பூட்டுப் போட்ட அறையும் கழிப்பறையும் வேண்டும், பள்ளிக்கூடத் தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து ஒரு வகுப்பறையை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பெண் நடுவராவது இருக்கட்டும். தொலைவிலிருந்து வரும் அணி ராத்திரி திரும்பிப் போக வண்டி உங்கள் பொறுப்பு.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணிக்குத் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் இருந்த அபினேஷ் எங்களுக்குப் பக்கத்து ஊரான வடுவூர். அந்த வாரம் கண்ணகி நகர் என்ற பெயரைச் சொன்ன விதமே மாறியது, அதுவரை அந்த இடத்தைப் பற்றிப் பேப்பரில் வந்ததெல்லாம் வேறு மாதிரிச் செய்திகள்தான். எங்கள் ஊரில் ஏழாவது படிக்கும் பிள்ளைகள் நான்கு பேர் மறுநாளே பி.இ.டி. வாத்தியாரிடம் போய் நின்றார்கள்.

உயிர் விஷயம்

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கம் ஊர்ப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர் பாடிப் போன இடத்திலேயே விழுந்து இறந்துபோனார். அந்த வீடியோவைப் பார்த்த யாரும் ஆம்புலன்ஸ் இல்லாமல் போட்டி வைக்கத் துணிய மாட்டார்கள். 108க்கு முன்கூட்டியே தகவல் கொடுங்கள், அதுபோக ஒரு வண்டியைத் திடல் ஓரத்தில் ஓட்டுநரோடு நிறுத்தி வையுங்கள், அதன் முன்னால் பைக் நிறுத்தவிடாமல் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ராத்திரி எந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் இருப்பார் என்பதை மதியமே கேட்டு எழுதி ஸ்கோர் மேஜையில் ஒட்டுங்கள். கழுத்தில் அடிபட்டு விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம், அசைக்காமல் ஆம்புலன்ஸ் ஆட்களிடம் விடுங்கள். நெஞ்சு வலிக்கிறது, தலை சுற்றுகிறது என்று ஒரு பையன் சொன்னால் அவனுடைய ஆட்டம் அன்றைக்கு முடிந்தது. கேப்டன் கெஞ்சினாலும் இறக்காதீர்கள்.

களத்தில் இறங்கும் முன் நகம் வெட்டியிருக்கிறதா, மோதிரம், காப்பு, அரைஞாண் கயிறு கழற்றியிருக்கிறதா, உடம்பில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை விதியிலேயே இருக்கின்றன.

சவுக்குக் கம்பு, பலகை கட்டி கேலரி போடாதீர்கள். 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாபேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டி தொடங்கும் நேரத்தில் கேலரி சரிந்து நூறு பேர் அளவுக்குக் காயப்பட்டார்கள். தரையில் தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகள் முன்னால், அவர்களுக்குப் பின்னால் நாற்காலி, அதற்கும் பின்னால் நிற்பவர்கள். களத்துக்கும் முதல் வரிசைக்கும் நான்கு மீட்டர் இடைவெளி விட்டுக் கயிறு. லைட் கம்பங்கள் கயிற்றுக்கு வெளியே, நான்கு மூலையிலும், ஆடுகிறவர் கண்ணில் நேராக அடிக்காத உயரத்தில். ஒயரைத் தரையில் போடாமல் மேலே கொண்டு போங்கள்.

முடிந்த பிறகு

சான்றிதழ் கொடுக்கும்போது பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். அரசு வேலையில் விளையாட்டுக்காரர்களுக்கு 3 சதவீதம் இடஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் நம் ஊர்ப் போட்டிக் காகிதம் அதற்குப் பயன்படாது. பள்ளி அணி, மாவட்ட அணி, முதலமைச்சர் கோப்பை, மாநில அணி என்று ஏற வேண்டும். நன்றாக ஆடிய பையன், பெண் யார் யார் என்று நடுவர்களிடம் கேட்டுப் பத்துப் பெயர் எழுதி வாங்கி, மாவட்டத் தேர்வு எப்போது நடக்கிறது என்று விசாரித்து, நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான வீட்டில் அந்தத் தேதியே தெரியாமல் போய்விடுகிறது, அன்றைக்குக் கூலி வேலையை விட்டுவிட்டுக் கூட வர ஆளும் இருக்காது.

மூன்று நாளுக்குள் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரிலும் காலனி நூலகச் சுவரிலும் ஒட்டுங்கள், இருபது ரூபாய் கொடுத்தவர் பெயர் உட்பட. மீதி இருந்தால் முழங்கால் உறை வாங்கிப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிடுங்கள். பந்தலையும் லைட்டையும் பிரித்ததும் களத்து மண்ணை அள்ளிவிட வேண்டாம், கொத்தியது கொத்தியபடியே இருக்கட்டும், முதல் மழை வரை பிள்ளைகள் அதில் ஆடுவார்கள். கோடு அழிந்துபோனால் எங்கள் ஊரில் அவர்களே கொத்தனார் வீட்டுக்குப் போய் நூல் கேட்டு வாங்கி வருகிறார்கள்.